கலிஃபோர்னியா எல்லையில் நிற்கும் கார்கள்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் வாங்கிய காரை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டு போனால் என்ன ஆகிவிடப் போகிறது? ஒரே நாடு, ஒரே டாலர், ஒரே நெடுஞ்சாலை. நம்பர் பிளேட்டை மாற்றினால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். பல மாநிலங்களில் அது உண்மையும்கூட.

கலிஃபோர்னியாவில் மட்டும் கதை வேறு. அங்கே குடியேறுகிறவர் 20 நாட்களுக்குள் தன் காரைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யப் போனால் காரின் வயதையும் வகையையும் பொறுத்துப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்பார்கள். பரிசோதனைக்குப் போனால் பானெட்டைத் திறப்பார்கள். உள்ளே கம்பெனி பொருத்தாத ஒரு பாகம் இருந்து, அதற்கு உரிய நம்பர் இல்லை என்றால், புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கார் ஃபெயில்!

ஏன் இவ்வளவு கெடுபிடி? காற்றைக் காப்பாற்றவா, வெளியூர்க்காரர்களிடம் காசு பார்க்கவா? இரண்டுமே நடந்திருக்கிறது என்பதுதான் சுவாரஸ்யம். எங்கே முதலாவது முடிந்து இரண்டாவது தொடங்குகிறது என்பதை ஒரு நீதிமன்றம் கோடு போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

போர்க்காலத்துப் புகை

1943 ஜூலை மாதம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு நாள் திடீரென்று புகைமூட்டம் சூழ்ந்தது. கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, சில கட்டிடங்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஜப்பான்காரன் விஷவாயு வீசிவிட்டான் என்றுகூடச் சிலர் பயந்தார்கள்.

பிறகு பழி ஒரு தொழிற்சாலை மேல் விழுந்தது. செயற்கை ரப்பருக்கான பியூட்டாடையீன் என்ற மூலப்பொருளைத் தயாரித்த ஆலை அது. அதைத் தற்காலிகமாக மூடினார்கள். புகை போகவில்லை. 1947-ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கு என்று தனியாக ஒரு காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு வந்தது. ஆலைகளைப் பிடித்தார்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பிடித்தார்கள், வீட்டுக் கொல்லையில் குப்பை எரிப்பதைக்கூட 1957-ல் தடை செய்தார்கள். அப்படியும் கண் எரிச்சல் நிற்கவில்லை.

விடையைக் கண்டுபிடித்தவர் காற்று நிபுணர் அல்ல. அன்னாசிப்பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு வேதியியல் பேராசிரியர்! பெயர் ஆரி ஹாகன்-ஸ்மிட். ஹாலந்தில் பிறந்து கால்டெக்கில் வேலை பார்த்தவர். பழத்தின் மணத்தைக் குளிர்வித்துத் துளிகளாகப் பிடிக்கும் அதே முறையில் அவர் நகரத்துக் காற்றையும் பிடித்துப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் துர்நாற்றமடிக்கும் சில துளிகள் கிடைத்தன.

1950-களின் தொடக்கத்தில் அவர் சொன்னது இதுதான். கார் எஞ்சினில் முழுதாக எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் காற்றில் கலக்கின்றன. அதன் மேல் வெயில் படும்போது ஓசோன் உண்டாகிறது. கண்ணை எரிப்பதும், ரப்பரை வெடிக்க வைப்பதும் இந்த வேதிவினைதான். அதாவது குற்றவாளி ஏதோ ஓர் ஆலை மட்டும் அல்ல. காலையில் வேலைக்குக் கிளம்புகிற ஒவ்வொருவரின் காரும்தான்!

இதில் இடத்தின் பங்கும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸை மலைகள் சூழ்ந்திருக்கின்றன. கடல் பக்கமிருந்து வரும் குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக்காற்று மூடி போட்டது போல் உட்கார்ந்துகொள்கிறது. புகை மேலேயும் போக முடியாது, பக்கவாட்டிலும் போக முடியாது. வேறு ஊரில் கலைந்து போகிற அதே அளவு புகை இங்கே தேங்கி நிற்கும். இதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் சட்டமெல்லாம் இந்தப் பூகோளத்தின் மேல் கட்டப்பட்டதுதான்.

ஒரே ஒரு மாநிலத்துக்கு விதிவிலக்கு

1960-ல் கலிஃபோர்னியா வாகன மாசுக்கென்றே ஒரு வாரியம் அமைத்தது. 1963 மாடல் கார்களிலிருந்து எஞ்சினுக்குள் கசியும் வாயுவை மறுபடி எரிக்க ஒரு சாதனம் கட்டாயமானது. 1966 மாடல்களில் இருந்து சைலன்ஸர் குழாய் வழியாக வரும் புகைக்கே வரம்பு வந்தது. அமெரிக்காவில் எந்த மாநிலமும் அதுவரை செய்யாத காரியம்.

கார் கம்பெனிகள் கவலைப்பட்டன. இன்று கலிஃபோர்னியா, நாளை நியூயார்க், நாளை மறுநாள் டெக்சாஸ் என்று 50 மாநிலங்கள் 50 விதி போட்டால் 50 விதமான கார் செய்ய முடியுமா? வணிகம் படித்தவர்களுக்கு இந்தக் கவலை புரியும். பெரிய அளவில் ஒரே பொருளைத் தயாரித்தால்தான் அடக்கவிலை குறையும். அதே சமயம் கம்பெனிகளும் ஒன்றும் பச்சைக் குழந்தைகள் அல்ல. மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் வராமல் தாமதப்படுத்த நான்கு பெரிய கார் கம்பெனிகள் கூடிப்பேசிச் சதி செய்தன என்று 1969-ல் மத்திய அரசே வழக்குப் போட்டது. விசாரணை நடக்காமல் சமரச உத்தரவில் அது முடிந்தது.

1967-ல் ஒரு பேரம் படிந்தது. புதிய கார்களின் புகைக்கு மத்திய அரசு மட்டுமே விதி போடும், மாநிலங்கள் தனியாகப் போடக் கூடாது. ஆனால் 1966 மார்ச் 30-க்கு முன்பே சொந்த விதி வைத்திருந்த மாநிலம் விதிவிலக்குக் கேட்கலாம். அப்படி வைத்திருந்தது கலிஃபோர்னியா ஒன்றுதான்! பெயர் சொல்லாமல் பெயர் சொல்லிய சட்டம். அதே ஆண்டு கவர்னர் ரொனால்ட் ரீகன் கையெழுத்தில் கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் பிறந்தது. அதன் முதல் தலைவர் நமது அன்னாசிப்பழ விஞ்ஞானி ஹாகன்-ஸ்மிட்.

1977-ல் இன்னொரு கதவு திறந்தது. மற்ற மாநிலங்கள் சொந்தமாக விதி எழுத முடியாது, ஆனால் கலிஃபோர்னியா விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆக நாட்டில் இரண்டே வகைக் கார்தான் இருக்க முடியும். ஒன்று கலிஃபோர்னியா கார். இன்னொன்று மற்ற மாநிலங்களுக்கான கார். இரண்டாவதைப் பேச்சுவழக்கில் '49 மாநிலக் கார்' என்றார்கள். பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரே அது எந்த ஜாதி என்று சொல்லிவிடும்.

இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் ஸ்டிக்கர் அல்ல. 1980-ம் ஆண்டு செவ்ரலே கார்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மாநிலங்களில் அது 350 கன அங்குல எஞ்சினோடு விற்றது. கலிஃபோர்னியாவில் விற்ற அதே காருக்கு 305 கன அங்குல எஞ்சின்தான், அதுவும் ஆட்டோமேட்டிக் கியரில் மட்டும். ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களின் வயிற்றெரிச்சலைக் கேட்கவா வேண்டும்?

7,500 மைல்

வயிற்றெரிச்சல்காரர்கள் உடனே கண்டுபிடித்த வழி, எல்லை தாண்டி நெவாடாவிலோ அரிசோனாவிலோ போய் வாங்குவது. இதைத் தடுக்கத்தான் 7,500 மைல் விதி. கலிஃபோர்னியாவில் வசிப்பவர் வெளிமாநிலத்தில் ஒரு காரை வாங்கும்போது அது 7,500 மைலுக்குக் குறைவாக ஓடியிருந்தால் சட்டப்படி அது 'புதிய கார்'. கலிஃபோர்னியா சான்று இல்லாத புதிய காரைப் பதிவு செய்ய முடியாது.

ஈவிரக்கமில்லாத விதி என்று சொல்ல முடியாது. வேறு மாநிலத்தில் வசித்தபோது அங்கே பதிவு செய்த காரோடு குடிபெயர்ந்து வருகிறவருக்கு விலக்கு உண்டு. வாரிசாகக் கிடைத்த கார், விவாகரத்தில் பிரிந்து வந்த கார், வெளிமாநிலத்தில் பணியிலிருந்த ராணுவத்தினரின் கார், பயணத்தில் இருக்கும்போது கார் திருடு போனதால் அங்கேயே வாங்க நேர்ந்த கார் என்று இன்னும் சில விலக்குகளும் உண்டு. வேண்டுமென்றே ஏமாற்றுகிறவரையும், வாழ்க்கை காரணமாகக் காரோடு வந்து சேர்கிறவரையும் பிரித்துப் பார்க்க முயன்ற விதி இது.

300 டாலர் தண்டம்

அந்தப் பிரிவினை 1990-ல் மறந்து போனது. அந்த ஆண்டு கலிஃபோர்னியா ஒரு புதிய கட்டணம் கொண்டுவந்தது. 49 மாநிலக் கார் ஒன்றை முதன்முறையாகக் கலிஃபோர்னியாவில் பதிவு செய்தால் 300 டாலர் கட்ட வேண்டும். பெயர் 'புகைத் தாக்கக் கட்டணம்'.

அரசு சொன்ன காரணம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. 49 மாநிலக் கார் கொஞ்சம் கூடுதலாக மாசு தரும், அதற்கு ஈடாகப் பணம் கட்டட்டும். மாசு செய்கிறவன் பணம் கொடுக்கட்டும் என்பது பொருளாதாரத்தில் ஒப்புக்கொண்ட கொள்கைதானே?

ஆனால் கணக்கைப் பாருங்கள். வெளியூரிலிருந்து வந்த நல்ல நிலையில் உள்ள கார், புகைப் பரிசோதனையில் பாஸ் ஆனாலும் 300 டாலர் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டில், கலிஃபோர்னியாவிலேயே விற்ற 15 வருடப் பழைய கார் அதைவிட அதிகமாகப் புகை விட்டாலும் இந்தக் கட்டணம் கிடையாது. மாதம் ஆயிரம் மைல் ஓட்டினாலும் 300, நூறு மைல் ஓட்டினாலும் 300. கட்டணம் புகையை அளக்கவில்லை. கார் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அளந்தது. யோசித்தால் இது மாசு வரி அல்ல, சுங்கச்சாவடி!

அமெரிக்க அரசியல் சட்டத்தில் மாநிலங்களுக்கு இடையேயான வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரம் மத்திய சட்டமன்றத்துக்கு உண்டு. அதனால் ஒரு மாநிலம் வெளிமாநிலப் பொருளுக்கு மட்டும் தனிச் சுமை வைக்கக் கூடாது என்பது நீதிமன்றங்களின் நீண்டகால நிலைப்பாடு. உள்ளூர்ப் பொருளுக்கும் அதே அளவு சுமை இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்வார்கள். இந்த அடிப்படையில் சில கார் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1999 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கவர்னர் கிரே டேவிஸ் மேலே அப்பீல் போகவில்லை.

அடுத்த கேள்வி, வாங்கிய பணம்? விண்ணப்பிக்கும் காலக்கெடு தாண்டிப் போனவர்களுக்குத் தர வேண்டியதில்லை என்று அரசு சட்டம் பேசியிருக்கலாம். ஆனால் 2000-ல் கட்டிய எல்லோருக்கும் வட்டியோடு திருப்பித் தருவது என்று முடிவானது. சுமார் 17 லட்சம் பேருக்காக 66.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. தலைக்குக் கிட்டத்தட்ட 390 டாலர். 300 அசல், மீதி வட்டி.

இந்தக் கதைக்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. வழக்கறிஞர்களுக்கு ஃபீஸ் எவ்வளவு என்று மத்தியஸ்தர்களிடம் விட்டார்கள். அவர்கள் 8.8 கோடி டாலர் என்றார்கள்! 2002-ல் நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது.

முக்கியமான விஷயம் என்னவென்றால், நீதிமன்றம் கலிஃபோர்னியாவின் புகை விதிகளைத் தொடவே இல்லை. 7,500 மைல் விதி நின்றது, புகைப் பரிசோதனை நின்றது. போனது 300 டாலர் மட்டும். கார் எப்படி இருக்க வேண்டும் என்று மாநிலம் கேட்கலாம். வெளியிலிருந்து வந்ததற்காகவே தண்டம் கேட்கக் கூடாது. கோடு அங்கேதான் விழுந்தது.

பானெட்டுக்குக் கீழே

இனி மாற்றம் செய்த கார்கள். இங்கே சிக்கல் இன்னும் நுணுக்கமானது.

காரில் மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் கழற்றுவதும் மாற்றுவதும், அப்படி மாற்றுகிற பாகங்களை விற்பதும் கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 27156-ம் பிரிவுப்படி குற்றம். ஆனால் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புதிய பாகம் ஒன்றைத் தயாரிக்கும் கம்பெனி அதைச் சோதித்து, அதனால் மாசு கூடாது என்று காற்றுவள வாரியத்திடம் நிரூபித்தால், வாரியம் ஒரு நிர்வாக ஆணை தரும். அந்த ஆணை எண் பாகத்தின் மேலேயோ பானெட்டுக்குக் கீழே ஸ்டிக்கராகவோ இருக்க வேண்டும். பரிசோதகர் முதலில் கண்ணால் தேடுவது அந்த எண்ணைத்தான்.

எல்லா மாற்றத்துக்கும் எண் தேவையில்லை. கேடலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள சைலன்ஸரை மாற்றினால் பிரச்சினை இல்லை, ஏனென்றால் புகை ஏற்கெனவே சுத்தமாகிவிட்டது. ஆனால் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயை மாற்றினால் எண் வேண்டும். எஞ்சினையே மாற்றலாமா? மாற்றலாம். அது காரின் வருடத்துக்குச் சமமானதாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும், அதற்குரிய மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் எல்லாம் கூடவே வர வேண்டும். அந்தக் காரை 'ரெஃப்ரி' என்ற நடுவர் பார்த்து கதவுச் சட்டத்தில் ஒரு லேபிள் ஒட்டுவார்.

கலிஃபோர்னியாவில் இந்தப் பரிசோதனைத் திட்டம் 1984-ல் தொடங்கியது. பெரும்பாலான இடங்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், கார் கைமாறும்போதும், வெளிமாநிலக் கார் பதிவாகும்போதும் செய்ய வேண்டும்.

இப்போது ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். புகைப் பரிசோதனையே இல்லாத ஒரு மாநிலத்தில் வசித்தவர். சொந்தக் கையால் எஞ்சினில் ஆசை ஆசையாக வேலை செய்தவர். அங்கே யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. வேலை கிடைத்து சான்டியாகோவுக்கு வருகிறார். குழாயில் கருவி வைத்தால் புகை அளவு வரம்புக்குள். ஆனால் பாகத்தில் எண் இல்லை. ஃபெயில்! அவருக்கு இரண்டே வழி. பழைய பாகங்களைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பொருத்த வேண்டும், இல்லையென்றால் காரை விற்க வேண்டும்.

இது அநியாயம்போல் தோன்றும். ஆனால் அடுத்த பக்கத்தையும் பாருங்கள். பரிசோதனை நடப்பது சில நிமிடம், கார் ஓடுவது இரண்டு வருடம். குளிர்ந்த எஞ்சினில், மேட்டில் ஏறும்போது, வேகமாக மிதிக்கும்போது என்ன வெளியே வருகிறது என்பதை அந்தச் சில நிமிடம் காட்டாது. அதனால்தான் வாரியம் முன்கூட்டியே சோதித்த பாகத்தை மட்டும் நம்புகிறது.

நம்பாததற்குக் காரணமும் உண்டு. மாசுக் கட்டுப்பாடு கழற்றப்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளைப் பற்றி அமெரிக்க மத்திய சுற்றுச்சூழல் முகமை 2020-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்தாண்டுகளில் நாடு முழுக்க 5.5 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளில் அப்படிக் கழற்றியிருக்கிறார்கள், அவை வாழ்நாளில் கூடுதலாக வெளியிடும் நைட்ரஜன் ஆக்ஸைடு 5.7 லட்சம் டன்னுக்கு மேல் என்று அது மதிப்பிட்டது. ஆசைக்காகச் செய்கிற மாற்றம் எல்லாம் அடுத்தவர் நுரையீரலுக்குப் போகாமல் இருப்பதில்லை. காலம் மாற ஏமாற்றும் முறையும் மாறியது, பாகத்தைத் தொடாமல் மென்பொருளை மட்டும் மாற்றினார்கள். 2021 ஜூலை முதல் கலிஃபோர்னியா பரிசோதனையில் அதையும் பார்க்கிறார்கள்.

500 பேருக்கு மட்டும்

முழுக்க முழுக்கக் கையால் கட்டிய காருக்கு என்ன செய்வது? பழைய கார் உருவத்தில் புத்தம் புதிதாகக் கட்டிய 'ஹாட் ராட்' எந்த வருடத்துக் கார்? 2001-ல் இயற்றிய சட்டம் ஒரு விநோதமான விடை சொன்னது. வருடத்துக்கு முதல் 500 விண்ணப்பங்களுக்கு மட்டும், கார் எந்த வருட மாடல் போலத் தோன்றுகிறதோ, அல்லது எஞ்சின் எந்த வருட மாடல் போலத் தோன்றுகிறதோ, அந்த வருடத்து விதி பொருந்தும். எதைப் போலவும் இல்லை என்றால் 1960-ம் வருடக் கார் என்று வைத்துக்கொள்வார்கள். 501-வது ஆளுக்கு அடுத்த ஜனவரிதான். தோற்றத்துக்குத்தான் விதி, அதுவும் ரேஷன் முறையில்!

நெளிந்து போகிறவர்களுக்கு வேறு குறுக்குவழியும் தெரியும். மொன்டானா மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது, புகைப் பரிசோதனையும் கிடையாது. அங்கே காகிதத்தில் ஒரு கம்பெனி தொடங்கி, அதன் பெயரில் காரைப் பதிவு செய்துவிட்டு, ஓட்டுவது என்னவோ லாஸ் ஏஞ்சலஸில். குடியிருப்பது கலிஃபோர்னியா என்றால் இது சட்டப்படி செல்லாது. பிடிபட்டால் வரியும் அபராதமும் வரும்.

இன்னொரு சண்டை வயதான கார்களைப் பற்றியது. 2003 முதல் 30 வருடம் ஆன கார்களுக்குப் பரிசோதனை இல்லை என்று இருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒவ்வொரு வருடமும் இன்னொரு மாடல் விலக்குப் பெற்றிருக்கும். 2004-ல் கவர்னர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கடிகாரத்தை நிறுத்தியது. 1975 மாடல் வரை விலக்கு, 1976 முதல் எல்லாக் காலத்துக்கும் பரிசோதனை. டிவி பிரபலமும் கார் சேகரிப்பாளருமான ஜே லெனோவின் ஆதரவோடு, காப்பீட்டில் சேகரிப்புக் கார் என்று பதிவான பழைய கார்களுக்கு விலக்குக் கேட்டு 2025-ல் ஒரு மசோதா வந்தது. செனட்டில் தேறிய அது அவையின் நிதிக் குழுவில் நின்றுபோனது.

பலன் கிடைத்ததா?

கிடைத்தது. 1970-களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 'முதல் நிலைப் புகை எச்சரிக்கை' வருடத்தில் நூறு நாளுக்கு மேல் விடுக்கப்பட்டது. 1999-ல் ஒருநாள்கூட இல்லை. இத்தனைக்கும் மக்களும் கார்களும் பெருகித்தான் இருந்தார்கள். ஓசோன் பிரச்சினை முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் 1943-ல் பயந்து ஓடியவர்கள் கண்ட நகரம் இப்போது இல்லை.

கலிஃபோர்னியாவின் தனி உரிமை மட்டும் என்றைக்கும் பத்திரம் என்று சொல்ல முடியாது. 2025 ஜூன் மாதம், பெட்ரோல் கார்களைப் படிப்படியாக நிறுத்தும் விதிக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்யும் தீர்மானத்தில் ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்டார். கலிஃபோர்னியா அன்றே வழக்குப் போட்டது.

அந்த வழக்கு எப்படிப் போனாலும், பழைய 300 டாலர் வழக்கு சொன்னதை மறக்காமல் இருப்பது நல்லது. சுத்தமான காற்று என்பது நல்ல நோக்கம்தான். நல்ல நோக்கத்தின் பெயரில் வருகிற ஒவ்வொரு கட்டணமும் நல்லதாகிவிடாது. ஒரு விதி புகையை அளக்கிறதா, ஆளை அளக்கிறதா? அடுத்த முறை எந்த ஊரில் எந்தப் பசுமை வரி வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.